உட்கார வைக்கப்பட்டவனின் கேமரா

2006ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கால்பந்து அணியிலிருந்து இரண்டு படங்கள் பிறந்தன. ஒன்றைக் கால்பந்து ரசிகர்களுக்கும் உலக சினிமா ஆட்களுக்கும் நன்றாகத் தெரியும். டக்ளஸ் கார்டனும் ஃபிலிப் பாரெனோவும் இயக்கிய ஜிடேன் படம். 2005 ஏப்ரல் 23 அன்று மாட்ரிட்டின் பெர்னபேயு மைதானத்தில் ரியல் மாட்ரிட்டுக்கும் வில்லாரியலுக்கும் நடந்த ஆட்டத்தில் 17 கேமராக்களை வைத்து, ஆட்டத்தை விட்டுவிட்டு ஜிடேனை மட்டும் பின்தொடர்ந்தார்கள். அவர் துப்புவது, ஷூ முனையால் புல்லைக் கீறிக்கொண்டு நடப்பது, வியர்வை கழுத்தில் இறங்குவது எல்லாம் திரை நிறைய வரும். பின்னால் மோக்வாய் குழுவின் இசை. 2006 மே மாதம் கான் விழாவில் காட்டினார்கள்.

அடுத்த மாதமே ஜெர்மனியில் உலகக் கோப்பை தொடங்கியது. அதே அணியின் இன்னொரு ஆட்டக்காரர் கையில் ஒரு சூப்பர் 8 கேமராவோடு ஓட்டல் அறையில் உட்கார்ந்திருந்தார். எடுத்தவரும் அவரே, எடுக்கப்பட்டவரும் அவரே. பெயர் விகாஷ் தொராசூ. ஃப்ரெட் பூலே என்ற பாடகரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய அந்தப் படத்தின் பெயர் 'சப்ஸ்டிட்யூட்'. நம்ம ஊர் மைதானத்தில் சொல்வதுபோலச் சொன்னால், 'சப்'.

ஜிடேன் படம் பெரிய படம்தான், அதில் எனக்குச் சண்டை கிடையாது. ஆனால் அதையே நான்கைந்து முறை பார்த்தபிறகு ஒன்று உறைத்தது. அந்தத் தொண்ணூறு நிமிடத்தில் பெரும்பகுதி ஜிடேனும் காத்திருக்கத்தான் செய்கிறார். பந்து வேறெங்கோ இருக்கிறது, இவர் நடந்துகொண்டிருக்கிறார். அந்தக் காத்திருப்பை நாம் தியானம் என்று வாசிக்கிறோம், ஏனென்றால் பந்து அவரிடம் வரும் என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். வராது என்று தெரிந்தவனின் காத்திருப்பு எப்படி இருக்கும்? அதைக் காட்ட 17 கேமராவுக்குக் காசு போடுவதற்கு ஆள் கிடைக்காது. அவனேதான் எடுத்துக்கொள்ள வேண்டும். 'சப்ஸ்டிட்யூட்' முக்கியமான படம் என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம். அது முழுமையான படம் இல்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

தொராசூ 1973 அக்டோபர் 10 அன்று நார்மண்டியில் லு ஆவ்ர் துறைமுகத்தை ஒட்டிய ஆர்ஃப்ளரில் பிறந்தவர். வளர்ந்தது லு ஆவ்ரின் மேட்டுப் பகுதியில் இருக்கும் கோக்ரியோவில் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில். குடும்பம் மொரீஷியஸிலிருந்து வந்தது. அதற்கும் முந்தைய வேர் தெலுங்கு நாட்டில். 1872இல் தொடங்கப்பட்டதாகச் சொல்லிக்கொள்ளும், பிரான்சின் மிகப் பழைய கிளப்பான லு ஆவ்ரில்தான் ஆட்டம் படித்தார். 1993இலிருந்து 98 வரை அங்கே. பிறகு லியோன், நடுவே ஒரு வருடம் இரவலாகப் போர்தோ. 2002இல் போர்தோவோடு லீக் கோப்பை, 2003இலும் 2004இலும் லியோனோடு பிரெஞ்சு சாம்பியன் பட்டம். கையிருப்பு ஒன்றும் குறைவில்லை.

குள்ளமான உடம்பு. பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொண்டு, எதிராளி நெருங்கும்வரை காத்திருந்து, கடைசி நொடியில் திரும்பி இன்னொருவனுக்குக் கொடுக்கும் வகை. தாக்குதலை நெய்கிற மிட்ஃபீல்டர், கோல் கணக்கில் பெயர் வராத ஜாதி. பிரெஞ்சு அணிக்கு 18 ஆட்டங்களில் அவர் அடித்தது ஒரே கோல். 2005 அக்டோபர் 12 அன்று சைப்ரஸை 4-0 என்று வென்று பிரான்ஸ் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற இரவில் வந்தது அது. இப்படிப்பட்ட ஆட்டக்காரனைப் பார்வையாளர்களில் பாதிப் பேருக்கு ரொம்பப் பிடிக்கும், மீதிப் பாதி "அடிடா, அடிச்சுத் தொலைடா" என்று கத்தும்.

அவர் வாழ்க்கையின் மிகச் சிறந்த ஷாட் அநேகமாக 2006 ஏப்ரல் 29 அன்று வந்தது. பிரெஞ்சுக் கோப்பை இறுதிப் போட்டி, பாரிஸ் சான் ஜெர்மான் அணியும் மார்செய் அணியும். அந்த இரண்டு ஊருக்கும் உள்ள பகையை விளக்க வேண்டியதில்லை. இரண்டாம் பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில், பாஸ் கொடுக்கவே பிறந்தவன் என்று எல்லோரும் நினைத்த ஆள் தூரத்திலிருந்து ஒன்று அடித்தார். வலைக்குள் போனது. ஆட்டம் 2-1, கோப்பை பாரிஸுக்கு. உலகக் கோப்பைக்கு ஆறு வாரம் இருந்தது. அந்த நேரத்தில் அவருக்கு நம்பிக்கை இருந்திருக்காதா?

ஆனால் அதற்கு முந்தைய வருடத்தையும் சொல்லியாக வேண்டும். 2004-05இல் அவர் ஏ.சி. மிலானில் இருந்தார். 2005 மே 25, இஸ்தான்புல். லிவர்பூலுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி, இடைவேளையில் 3-0 என்று முன்னே இருந்த மிலான் 3-3க்கு வந்து பெனால்டியில் தோற்ற ஆட்டம். கால்பந்து பார்ப்பவர்கள் ஆயுசுக்கும் பேசும் ஆட்டம் அது. தொராசூ அன்று மிலானின் பெஞ்சில் இருந்தார். மாற்று ஆட்டக்காரர்கள் மூன்று பேர் இறங்கினார்கள், அந்த மூவரில் அவர் இல்லை. பதினான்கு மாதத்துக்குள் பெர்லினில் இன்னொரு இறுதிப் போட்டி, இன்னொரு பெஞ்ச், இன்னொரு பெனால்டித் தோல்வி. அன்றும் மூன்று பேர் இறங்கினார்கள். நம் காலத்தின் மிகப் பிரபலமான இரண்டு இறுதிப் போட்டிகளை அவர் உட்கார்ந்தபடி, ரொம்பக் கிட்டத்திலிருந்து பார்த்திருக்கிறார்.

நம் பத்திரிகைகளுக்கு இந்த ஆளிடம் பிடித்தது ஒன்றே ஒன்று. உலகக் கோப்பையில் களமிறங்கிய முதல் இந்திய வம்சாவளி வீரர். வெளிநாட்டு ஆட்டக்காரர் பெயரில் நம் மண்ணின் வாசனை அடித்தால் விடமாட்டோம். குவாதலூப் வழியாக வந்த அப்பாவின் பெயரோடு நான்த் அணியில் ஆடிய சாமுவேல் மூத்துசாமியில் ஒரு முத்துசாமி இருக்கிறார், சரி. (சாமுவேல் ஆடுவது தாயின் நாடான காங்கோவுக்கு.) ரீயூனியன் தீவிலிருந்து அதே லு ஆவ்ர் கிளப்புக்கு வந்து, 2001இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் 9 கோல் அடித்துவிட்டு, பிற்பாடு பெரியவர்கள் அணிக்கு ஒரே ஒரு ஆட்டம் ஆடிய ஃபுளோரான் சினாமா-போங்கோல் பெயரைச் சொன்னால் நம்மாட்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள். தொராசூ தெலுங்கு என்பதால் நமக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை. ஆனாலும் உரிமை கொண்டாடலாம் என்று ஒரு நப்பாசை.

இந்த உரிமை கொண்டாடலில் நாம் கவனிக்காத ஒரு தற்செயல் உண்டு. 1834 முதல் 1920 வரை ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் இந்தியாவிலிருந்து மொரீஷியஸுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போய் இறங்கினார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து போன கப்பல்களில் எங்கள் ஆற்காட்டுச் சீமை ஆட்களும் உண்டு, விசாகப்பட்டினம் பக்கத்து ஆட்களும் உண்டு. போர்ட் லூயியில் அவர்கள் வந்திறங்கிய ஆப்ரவாசி கட்டத்தை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது 2006 ஜூலையில். அந்த மாதம்தான் பெர்லின் இறுதிப் போட்டி. அந்தப் படிக்கட்டில் ஏறியவர்களின் வழிவந்த ஒருவர் உலகத்தின் மிகப் பெரிய மைதானத்தின் ஓரத்தில் டிராக் சூட்டோடு உட்கார்ந்திருந்தார். இதைச் சாதனை என்று எழுதுவதா, சோகம் என்று எழுதுவதா என்று நம் ஊடகங்களுக்குக் குழப்பம் வரவில்லை. சாதனை என்று எழுதிவிட்டு மறந்துபோனார்கள். தொராசூவின் படம் அந்த இரண்டு வார்த்தையையும் ஏற்காத படம்.

திருவண்ணாமலையில் இருந்துகொண்டு இப்படிப்பட்ட படத்தைப் பார்ப்பது சுலபம் கிடையாது. பிரான்சிலிருந்து வந்த ஒருவர் கொண்டுவந்த டிவிடி கிடைத்தது. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் செங்கம் சாலைப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தாலே பிரெஞ்சு காதில் விழும் ஊர் இது. கிரிவலப் பாதையில் ஆடி அண்ணாமலை பக்கம் பல வருடமாக வாடகை வீட்டில் இருக்கும் ஒரு பிரெஞ்சு அம்மா, அறுபதைத் தாண்டியவர், பக்கத்தில் உட்கார்ந்து பாதி ஆங்கிலத்திலும் பாதித் தமிழிலுமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கால்பந்து என்றால் அவருக்குச் சுத்தமாக ஆகாது. அரை மணி நேரம் போனதும் நிறுத்தச் சொன்னார்.

"இவர் எப்ப விளையாடுவார்?"

"விளையாட மாட்டார்ம்மா."

"அப்ப எதுக்கு இந்தப் படம்?"

"அதுக்குத்தான்."

அவர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "போடுங்க, பார்ப்போம்" என்றார். அந்த அம்மா இந்த ஊருக்கு வந்ததே சும்மா இருக்கக் கற்றுக்கொள்ளத்தான். அருணகிரியார் காலத்திலிருந்தே சும்மா இருத்தல் இந்த ஊரில் பெரிய வார்த்தை. எதிரே திரையில் ஒரு ஆள் சும்மா இருக்க வைக்கப்பட்டு வெந்துகொண்டிருந்தார். கிடைத்த வேடிக்கையை விடுவானேன் என்று அதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

படத்தில் கால்பந்து கிட்டத்தட்ட இல்லை. ஓட்டல் அறை இருக்கிறது. ஜன்னல் இருக்கிறது, தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறது, தன் முகத்துக்கு நேராகத் தானே திருப்பிப் பிடித்த கேமரா இருக்கிறது. வெளியே ரயிலிலும் வேறு விடுதிகளிலுமாகப் பூலே அலைந்துகொண்டிருக்கிறார். இருவரும் பேசிக்கொள்கிறார்கள். சூப்பர் 8க்கே உரிய புள்ளி புள்ளியான படிமம், வெயில் பட்டால் வெளிறிப்போகும் நிறங்கள். இந்தக் கேமராவின் ஒரு சுருள் 24 பிரேம் வேகத்தில் ஓடினால் இரண்டரை நிமிடம், 18 பிரேமில் மூன்று நிமிடம் சொச்சம். அவ்வளவுதான். பிறகு சுருள் மாற்ற வேண்டும். பூலே இந்தக் கருவியை எதற்காகத் தேர்ந்தெடுத்தாரோ, அது படத்துக்கு மிகச் சரியாகப் பொருந்திவிட்டது. ஸ்டுட்கார்ட்டில் ஜூன் 13 அன்று சுவிட்சர்லாந்துக்கு எதிராகத் தொராசூ இறங்கியது 84ஆவது நிமிடத்தில். லைப்சிக்கில் ஜூன் 18 அன்று தென்கொரியாவுக்கு எதிராக 88ஆவது நிமிடத்தில். சில சுருள்கள் தீருவதற்குள் விசில் ஊதிவிடும். அவருடைய உலகக் கோப்பையும் அவருடைய கேமராவும் ஒரே அளவுச் சட்டை போட்டிருந்தன.

மூன்றாவது ஆட்டம்தான் படத்தின் நடுமுடிச்சு. ஜூன் 23, டோகோவுக்கு எதிராக. முதல் இரண்டு ஆட்டமும் டிரா. இதில் வெல்லாவிட்டால் பிரான்ஸ் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். இரண்டு மஞ்சள் அட்டை வாங்கிய ஜிடேனுக்கு அன்று ஆடத் தடை, போதாக்குறைக்கு அன்று அவர் பிறந்தநாள் வேறு. நடுவில் ஆட்டத்தை நெய்கிறவன் இல்லாத ஒரே நாள். பெஞ்சில் அந்த வேலைக்கென்றே ஒரு ஆள். பயிற்சியாளர் ரேமோன் டொமெனெக்குக்கு அவரை இளைஞர் அணிக் காலத்திலிருந்தே தெரியும், அணிக்குத் திரும்ப அழைத்து வந்தவரும் அவர்தான். இதைவிடப் பொருத்தமான நாள் அமையுமா? டொமெனெக் ஆன்ரிக்குப் பக்கத்தில் ட்ரெஸெகேயை இரண்டாவது ஸ்டிரைக்கராகப் போட்டு அமைப்பையே மாற்றினார். வியெராவும் ஆன்ரியும் கோல் அடித்தார்கள், 2-0. மாற்றாக இறங்கிய மூவரில் தொராசூ இல்லை. முடிவு சரியாகப் போனதால் யாரும் கேள்வி கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஸ்பெயின், பிரேசில், போர்ச்சுகல், இத்தாலி. ஒரு நிமிடம்கூட இல்லை.

ஒருவனுக்கு அநியாயம் நடந்தால் அதைச் சொல்ல ஒரு மொழி இருக்கிறது. காயம் பட்டால் அதற்கும் ஒரு மொழி உண்டு. தொராசூவுக்கு நடந்தது இரண்டும் இல்லை. பயிற்சியாளர் தன் வேலையைச் செய்தார், அணி இறுதிப் போட்டிக்குப் போனது. தான் தேவைப்படவில்லை என்பது மட்டும்தான் நடந்தது. அணி ஜெயிக்க ஜெயிக்க ஓட்டல் அறையில் இருப்பவன் முகம் இறுகிக்கொண்டே போவதைக் கேமரா பிடித்திருக்கிறது. அதை அவர் மறைக்கவுமில்லை. ஜெயித்தாலும் அந்த வெற்றி தன்னுடையதாக இருக்காது என்று நினைக்கும் ஆளை நாம் பார்க்கிறோம். விளையாட்டு உலகம் இதைவிடக் கெட்ட எண்ணம் ஒன்றைக் கேட்டிருக்காது. "நான் ஆடாவிட்டால் என்ன, நாடு ஜெயிச்சாப் போதும்" என்று சொல்லும்படிதான் ஒவ்வொரு சப்பும் பழக்கப்படுத்தப்பட்டிருக்கிறான். நான் கல்லூரி அணியில் எக்ஸ்ட்ரா பிளேயராக இரண்டு வருடம் தண்ணீர் பாட்டில் தூக்கியவன். அந்த வாக்கியத்தை நானும் சொல்லியிருக்கிறேன். எங்கள் அணி கோல் வாங்கியபோது உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் வந்ததையும் மறக்கவில்லை.

நம் சினிமா இந்த இடத்துக்கு வந்ததே இல்லை. வெளியே நிறுத்தப்பட்டவனைப் பற்றி நல்ல படங்கள் நம்மிடம் இருக்கின்றன. 'ஜீவா'வில் கிரிக்கெட் தேர்வில் சாதி எப்படி வேலை செய்கிறது என்று காட்டினார்கள். 'லப்பர் பந்து' அதையே உள்ளூர் மைதானத்துக்குக் கொண்டுவந்தது. 'வெண்ணிலா கபடிக்குழு'வில் வேடிக்கை பார்க்கிறவனாக இருந்த பையன் உள்ளே இறங்குகிறான். மூன்றும் எனக்குப் பிடித்தவை. ஆனால் நம் கதைகளில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவன் எப்படியாவது எழுந்தே ஆகவேண்டும். கடைசி ஆட்டத்தில் ஒருவனுக்கு அடிபடும், எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்ப்பார்கள், அவன் ஷூ லேஸ் கட்டுவான், தியேட்டரில் விசில் பறக்கும். எழுந்திருக்காதவனை வைத்து என்ன செய்வது என்று நமக்குத் தெரியவில்லை. கர்ணனைக்கூட, பீஷ்மர் தலைமையில் போர் நடந்த அந்தப் பத்து நாள் அவன் பாசறையில் என்ன செய்துகொண்டிருந்தான் என்று நாம் அதிகம் யோசிப்பதில்லை. அவன் தேரேறிய பிறகுதான் நமக்குக் கதை.

விதிவிலக்காக ஒன்று நினைவுக்கு வருகிறது. முரளி மனோகர் இயக்கத்தில், எஸ். ராமகிருஷ்ணன் எழுத்தில் வந்த 'கர்ண மோட்சம்' குறும்படம். பள்ளி விழாவில் ஆட அழைக்கப்பட்டு, மகனைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கு வருகிறார் ஒரு கூத்துக் கலைஞர். வந்து பார்த்தால் நிகழ்ச்சி ரத்து. எங்கள் மாவட்டத்தில் புரிசை, செய்யாறு பக்கம் கூத்து பார்த்தவர்களுக்கு அந்தப் படத்தின் வலி இன்னும் கூடுதலாகத் தெரியும். இரவெல்லாம் நடக்கும் கூத்தில் தன் கட்டம் விடிகாலையில்தான் என்றால், வேஷம் கட்டியவர் அதுவரை பின்னால் பீடி பிடித்துக்கொண்டு காத்திருப்பார். அது சுமையான காத்திருப்பு இல்லை. திரை பிடித்ததும் கூப்பிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். கூப்பிடவே போவதில்லை என்றால் முகத்திலிருக்கும் அரிதாரத்தை என்ன செய்வது? 'கர்ண மோட்ச'த்தின் கலைஞர் டீக்கடையில் வேலை செய்யும் ஒரு சிறுமிக்குக் கொஞ்சம் கூத்தைச் சொல்லிக்கொடுக்கிறார். அந்தக் கலை எங்காவது இறங்கியாக வேண்டும். தொராசூவின் கலை கேமராவுக்குள் இறங்கியது. இரண்டு பேருக்கும் நடுவே உள்ள வித்தியாசமும் பெரியதுதான். ஒருவருக்கு ஊர் திரும்ப பஸ் செலவே பிரச்சினை. இன்னொருவர் கோடீஸ்வரர்.

ஆமாம், அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. ஐந்து நட்சத்திர ஓட்டலில் மெத்தையில் படுத்துக்கொண்டு, நம்மில் யாரும் வாழ்நாளில் பார்க்காத சம்பளம் வாங்கிக்கொண்டு, உலகக் கோப்பையைக் கிட்ட இருந்து பார்க்கிறவனுக்கு என்ன அழுகை? படத்தைப் பார்த்த நண்பர் ஒருவர் இதைத்தான் கேட்டார். கேள்வி நியாயமானது. பணம் கொடுத்துவிட்டதால் காத்திருப்பதற்கான கூலியும் அதில் அடக்கம் என்பதுதான் இதன் உள்ளர்த்தம். நான் இதை ஏற்கவில்லை. வேலை கொடுக்காமல் சம்பளம் மட்டும் கொடுப்பது ஒருவனை என்ன செய்யும் என்று அரசாங்க ஆபீசில் 'காத்திருப்போர் பட்டியலில்' வைக்கப்பட்ட எந்த அதிகாரியைக் கேட்டாலும் சொல்வார். முப்பத்திரண்டு வயது ஆட்டக்காரனுக்கு அடுத்த உலகக் கோப்பை கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காலண்டர் அவன் கால்களுக்கு எதிராக ஓடிக்கொண்டிருக்கிறது.

என் குறை வேறு. இந்தப் படம் பெஞ்சைப் பற்றியது என்று சொல்லிக்கொள்கிறது, ஆனால் பெஞ்சில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். 2006 பிரெஞ்சு அணியில் பாஸ்கல் சிம்போந்தா இருந்தார், கயெல் ஜிவே இருந்தார், ஜான்-அலான் பூம்சோங் இருந்தார். மூவருக்கும் அந்த உலகக் கோப்பையில் ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. தொராசூவுக்கு இரண்டு ஆட்டத்தில் ஓரம் தொட்டுப் பார்க்கவாவது கிடைத்தது. கோல்கீப்பர் கிரிகோரி கூப்பே, பார்த்தேஸ்தான் முதல் கீப்பர் என்று சொல்லப்பட்டதும் தீன் மலைப்பகுதிப் பயிற்சி முகாமிலிருந்து கோபித்துக்கொண்டு கிளம்பி, பிறகு திரும்பி வந்தவர். அந்தக் கோபம் எங்கே? அவர்கள் அறைகளில் அந்த இரவுகளில் என்ன நடந்தது? கேமரா அந்தப் பக்கம் திரும்புவதில்லை. தனிமையைக் காட்டவேண்டும் என்ற ஆசையில், பக்கத்து அறையில் இருந்த தனிமைகளைப் படம் பார்க்கத் தவறிவிட்டது. சக ஆட்டக்காரரைப் படம் பிடிப்பது மரியாதை மீறல் என்ற தயக்கம் இருந்திருக்கலாம். இருந்தாலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பூலேயின் பகுதிகளிலும் எனக்குப் பொறுமை போகிறது. ரயில் ஜன்னல், மங்கலான மரங்கள், இசை என்று கொஞ்சம் அழகாகவே அலைகிறார். கலைப்படம் என்பதற்கான அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருப்பதுபோல இருக்கிறது. தொராசூ தனியாக இருக்கும் காட்சிகளில் அந்த அலங்காரம் இல்லை. அங்கே அவருக்கு அழகைப் பற்றி யோசிக்க நேரமில்லை.

படத்துக்கு அவர் கொடுத்த விலையும் உண்டு, அல்லது படம் எடுக்கத் துணிந்த அதே குணத்துக்குக் கொடுத்த விலை. உலகக் கோப்பை முடிந்து பாரிஸ் சான் ஜெர்மானுக்குத் திரும்பினார். பயிற்சியாளர் கீ லகோம்போடு ஒத்துப்போகவில்லை. அதை 'லெக்கிப்' பத்திரிகையில் வெளிப்படையாகவே பேசினார். 2006 அக்டோபரில் கிளப் அவரை வேலைநீக்கம் செய்தது. 1973இல் பிரான்சில் தொழில்முறை ஆட்டக்காரர் சாசனம் வந்த பிறகு இப்படி நீக்கப்பட்ட முதல் ஆட்டக்காரர் அவர்தான். ஐந்தாறு மாதத்துக்கு முன்பு மார்செய்க்கு எதிராகக் கோப்பை வாங்கிக்கொடுத்த கால் அது. 2007இல் படம் திரைக்கு வந்தபோது அவருக்கு வேலை இல்லை. பிறகு இத்தாலியில் லிவோர்னோ கிளப் எடுத்தது, ஒரு லீக் ஆட்டம்கூட ஆடாமல் அதுவும் முடிந்தது. 2008இல் ஓய்வு.

உடை மாற்றும் அறையில் நடப்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது கால்பந்தின் எழுதாத சட்டம். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த யாருக்கும் இந்தச் சட்டத்தை விளக்க வேண்டாம். 'வீட்டு விஷயம் வாசல் தாண்டக் கூடாது.' தாண்டினால் சொன்னவன் துரோகி. என்ன நடந்தது என்பதை யாரும் கேட்கமாட்டார்கள். 1998இல் பிரான்ஸ் கோப்பை வென்றபோது ஸ்டெஃபான் மூனியே உடை மாற்றும் அறைக்குள்ளேயே கேமராவோடு இருந்து எடுத்த ஆவணப்படத்தை நாடே கொண்டாடியது. அங்கேயும் உள்ளே நடந்ததுதான் வெளியே வந்தது. ஆனால் வென்றவர்களின் அந்தரங்கம் தேசத்தின் சொத்து, தோற்றவனின் அந்தரங்கம் ஒழுங்கீனம்.

நான்கு வருடம் கழித்து 2010இல் தென்னாப்பிரிக்காவில் அதே டொமெனெக்கின் அணி என்ன ஆனது என்று நினைத்துப் பாருங்கள். இடைவேளையில் பயிற்சியாளரிடம் அனெல்கா பேசியது பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்தது, அனெல்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள், நிஸ்னாவில் ஆட்டக்காரர்கள் பயிற்சிக்கு மறுத்து பஸ்ஸுக்குள் திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்ந்தார்கள். அவர்கள் எழுதிய அறிக்கையைப் பத்திரிகையாளர்களுக்குப் படித்துக் காட்டியது டொமெனெக்கேதான், கேட்கவே விநோதமான காட்சி. கேப்டன் எவ்ரா தேடியது வெளியே சொன்ன 'துரோகி'யை. எனக்கு அப்போது தொராசூவின் படம்தான் ஞாபகம் வந்தது. ஒளிந்திருந்து சொல்லாமல், கேமராவைத் தன் முகத்துக்கே திருப்பி, இதோ நான்தான் சொல்கிறேன் என்று சொன்ன ஆள். துரோகிக்கு அப்படியொரு பழக்கம் கிடையாது.

ஜூலை 9, பெர்லின். இங்கே இரவு பதினொன்றரைக்கு ஆட்டம் தொடங்கியது. மறுநாள் இரவு பௌர்ணமி கிரிவலம் என்பதால் ஊருக்குள் வெளியூர்க் கூட்டம் வர ஆரம்பித்திருந்தது. ஜிடேன் மாடராட்சியின் மார்பில் முட்டினார், சிவப்பு அட்டை, கோப்பையைத் தாண்டி உள்ளே நடந்துபோனார். உலகமே அந்த நடையைத்தான் பார்த்தது. நானும்தான். பெனால்டியில் தவறியது ட்ரெஸெகே. 100ஆவது நிமிடத்தில் மாற்றாக இறங்கியவர். இறங்கிய சப்பின் பெயர் இருபது வருடமாகியும் ஞாபகம் இருக்கிறது, அதுவும் அந்த ஒரு உதைக்காக. இறங்காதவன் எந்த முகத்தோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று எந்தத் தொலைக்காட்சிக் கேமராவும் காட்டவில்லை. டொமெனெக்கின் கணக்கில் அன்று யாரை இறக்கியிருக்க வேண்டும் என்று இப்போது பேசுவதில் பிரயோஜனம் இல்லை.

தொராசூ அதற்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. கால்பந்தில் ஓரினச்சேர்க்கையாளர் வெறுப்பை எதிர்த்த 'பாரிஸ் ஃபுட் கே' கிளப்புக்கு ஆதரவாக நின்றார். ஆட்டத்தில் சந்தோஷத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று 'தாத்தான்' என்ற அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2020இல் பாரிஸ் நகராட்சித் தேர்தலில் 18ஆவது வட்டாரத்தில் இடதுசாரிகள் சார்பில் நின்றார். நடுவே தொழில்முறையாகப் போக்கர் ஆடினார். சீட்டாட்டத்தில் நுழைவுக் கட்டணம் கட்டினால் சீட்டு வந்தே தீரும், யாரும் பெஞ்சில் உட்காரச் சொல்ல முடியாது. 2017இல் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். அதன் தலைப்பு 'கொம் செ பியே'. சொல்லுக்குச் சொல் 'தன் கால்களைப் போல'. அந்த அம்மாவிடம் கேட்டேன், விழுந்து விழுந்து சிரித்தார். பிரெஞ்சில் ஒருவன் ஒரு காரியத்தைத் தன் கால்களைப் போலச் செய்கிறான் என்றால், அதைப் படு கேவலமாகச் செய்கிறான் என்று அர்த்தமாம்.